எந்தச் செல்லையா?

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குப் போகும் பஸ் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு எதிரே வந்து நின்றது. அது தினமும் நிற்கிற இடம்தான். ஆனால் அன்றைக்கு டிரைவர் பியதாச வண்டியை விட்டு இறங்கினார், ரோட்டைக் கடந்தார், நேரே பாடசாலை வாசலுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தன் ஆசனத்தை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மாஸ்டர், நம்ம செல்லையா நெதி உணா" என்றார்.

சிங்களத்தில் ஒருவர் இறந்ததை மரியாதையாகச் சொல்லும் சொல் அது. இல்லாமல் போனார் என்று அர்த்தம். சொல் எனக்குப் புரிந்தது. ஆள்தான் புரியவில்லை.

"எந்தச் செல்லையா?" என்று கேட்டேன்.

பியதாச என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தச் செல்லையாவா? என்ன மாஸ்டர் கேக்குறது! நம்ம கண்டக்டர்!"

 பிள்ளைகள் பாட்டுக்கு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முந்தின நாள் சாயந்தரம் கடைசி ஓட்டம் முடிந்து தலவாக்கலையில் இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் பியதாச சொல்லச் சொல்ல, என் மண்டைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாகப் பழகிய மனிதரின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இது வெட்கக்கேடு. அவரை நினைத்து எழுதும் இந்தக் கட்டுரையை அந்த வெட்கத்தைச் சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பாதையில் போய் வந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். குட்டையான ஆள், கரகரத்த குரல், காதில் எப்போதும் ஒரு பென்சில். எங்களுக்கு அவர் 'கண்டக்டரண்ணே'. முதலில் கம்பெனி பஸ்ஸில் இருந்தார். பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் அதே பாதையில் இருந்தார். அரசாங்க வேலைக்கு வேண்டிய பிரஜாவுரிமைக் காகிதம் கையில் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். எங்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

இந்தப் பகுதியில் எங்கே என்ன நடக்கப் போகிறது என்பதை ஊருக்குச் சொன்னது பத்திரிகை அல்ல, அவர்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடத்தின் பெயரோடு சேர்த்து அதையும் கத்துவார். "மேக்கணக்கு எறங்குங்க! வர ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு ஸ்கூல்ல பாட்டுக் கச்சேரி! பாலத்தடி எறங்குங்க! கோயில்ல கும்மி, பொம்பளப் புள்ளைங்க சேருறதுன்னா இன்னைக்கே பேரு குடுங்க! பஜார் எறங்குங்க! பள்ளிவாசல்ல கந்தூரி, காதர் நானா எல்லாரையும் வரச் சொன்னாரு!" இறங்குகிறவர்களின் காதில் அது விழாமல் போக முடியாது. நான் ஒருமுறை, "நாங்க நோட்டீஸ் ஒட்டுறோமேண்ணே, நீங்க ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கிறீங்க?" என்று கேட்டேன். "நோட்டீசு படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மாஸ்டர். சத்தம் எல்லாருக்கும்" என்றார். படிப்பிக்கிற வேலை என்னுடையது. 

சிங்களப் பயணிகள் ஏறினால் சிங்களத்திலும் சொல்வார். "இரிதா நாட்டியக் தியெனவா, என்ன!" ஞாயிற்றுக்கிழமை நாடகம் இருக்கிறது, வாருங்கள் என்று பொருள். சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள். கொழுந்துக் கூடையோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் பெண்களுக்கு அது போதும். "என்னவா? நாடகம்னு இப்பத்தானே சொன்னீங்க!" என்று ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். பஸ்ஸே சிரிக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கூத்து நடக்கும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல அவரும் சேர்ந்து சிரிப்பார். பியதாச மட்டும் கண்ணாடியில் பார்த்து, "யமு, யமு" என்று அவசரப்படுத்துவார்.

நாளடைவில் அவரைக் கேட்காமல் யாரும் தேதி வைப்பதில்லை என்றாகிவிட்டது. பூண்டுலோயா வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர், கூட்டத்துக்கு நாள் குறித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், "அந்த ஞாயிறு வேணாம் மாஸ்டர். கீழ்க்கணக்குல காமன் கூத்து தொடங்குது. ஒங்க கவிதைக்கு நீங்களும் தலைவரும்தான் இருப்பீங்க" என்று மூக்கை உடைப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இலக்கியக் கூட்டத்துக்கு நாள் பார்க்க இவர் யார் என்று நினைத்து, ஒருமுறை வீம்புக்கு அதே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை வைத்தேன். அவர் சொன்னது கொஞ்சம் தவறு. தலைவரும் வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் கண்டக்டரண்ணன் டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டு, "அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு காலியா இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

இப்படி ஊரையெல்லாம் கூட்டி அனுப்பிய மனிதர் ஒரு நிகழ்ச்சியைக்கூடப் பார்த்தவர் இல்லை. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமைதான் பஸ்ஸில் கூட்டம். நாடகத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார், நாடகம் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போவார், நடுவில் நடந்தது அவருக்குத் தெரியாது. அதனால் திரும்பும் பயணத்தில் ஆளாளுக்குப் பிடித்துக் கதை கேட்பார். கப்பலேறி இந்தியாவுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி நான் ஒரு நாடகம் எழுதி, லிந்துலையில் போட்டோம். மறுநாள் என்னைக் கண்டதும், "மாஸ்டர், ஒங்க நாடகத்துக்கு ஆறு முடிவு இருக்கு. ஒருத்தி புருஷன் வந்துட்டான்கிறா, ஒருத்தி செத்துட்டான்கிறா, ஒரு தாத்தா வந்தவன் அவன் தம்பிங்கிறாரு. எது நெசம்?" என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "வேணாம், சொல்லாதீங்க. ஒரு நாளைக்கு நானே வந்து பாக்குறேன்."

அதை அவர் சொன்ன விதம் என்னை என்னவோ செய்தது. வீட்டுக்குப் போய் அன்றே முடிவு செய்தேன். அதே நாடகத்தை எங்கள் பாடசாலையில் மறுபடி போடுவது, அதற்கு அவரையே தலைமை தாங்கச் செய்வது. சொன்னபோது அவர் நம்பவில்லை. "நம்மளயா? சும்மா இருங்க மாஸ்டர், மேடையில ஏறி நான் யாருக்கு டிக்கெட் கிழிக்கிறது?" என்று சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் அவரே வந்து, "லீவு எழுதிக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம லீவு கேட்டா மேலதிகாரி என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. "வீட்டுலயும் வர்றா. கோட்டு பியதாசகிட்ட வாங்கியிருக்கேன்."

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோதுதான் அவருடைய பெயர் தெரியாது என்பது எனக்கு உறைத்தது. மறுநாள் கேட்டிருக்கலாம். 'ஒங்க பேரென்னண்ணே' என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஐந்து வருஷம் பழகிய பிறகு, அதுவும் தலைமைக்கு அழைத்த பிறகு, பெயரைக் கேட்பதா? கூச்சமாக இருந்தது. கண்டக்டர் என்றால் இந்தப் பாதையில் ஒருவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'தலைமை: கண்டக்டர் அவர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கூட்டுறவுக் கடையிலும், காலையில் தொழிலாளர் கூடி நிற்கும் பெரட்டுக் களத்திலும், தேயிலை ஸ்டோர் சுவரிலும் ஒட்டினேன்.

தோட்டத்தைத் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் கண்டக்டர் என்று இன்னொருவர் இருந்தார். மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், பெரட்டில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிறவர், துரைக்கு அடுத்தபடியாக எல்லாரும் பயப்படும் ஆள். அவருடைய உத்தியோகத்தையும் காகிதத்தில் கண்டக்டர் என்றுதான் எழுதுவார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாய் அதைக் கண்டாக்கு என்று ஆக்கி வைத்திருக்கிறது. கண்டாக்கு வேறு, கண்டக்டர் வேறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் இரண்டும் ஒன்று. தமிழ் படிப்பிக்கிற வாத்தியார் ஒரே ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தேன். ஒருவர்கூட என்னிடம் வந்து இது யார் என்று கேட்கவில்லை. அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் பாடசாலை நிறைந்துவிட்டது. லயத்துச் சனம் முழுவதும் வந்திருந்தது, ஆனால் முன்வரிசைகள் காலி. எல்லாரும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, பெரட்டில் நிற்பதுபோல நின்றிருந்தார்கள். ஏன் என்று நான் யோசிப்பதற்குள் கண்டாக்கையா வந்துவிட்டார். கோட்டும் தொப்பியுமாக, பட்டுச் சேலையில் மனைவியோடு, குடை பிடிக்க ஒரு கங்காணியோடு. "என்னையத் தலைமைக்குப் போட்டிருக்கீங்களாமே மாஸ்டர்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பரவாயில்ல, பரவாயில்ல" என்றபடி நேரே மேடைக்குப் போய், தலைவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அந்த மனிதரை அதுவரை யாரும் எதற்கும் அழைத்ததில்லை என்பதை நான் அப்போதுதான் யோசித்தேன்.

அடுத்த நிமிஷம் வாசலில் கண்டக்டரண்ணன். பியதாசவின் கோட்டு அவருக்கு முழங்கால் வரை இருந்தது. பக்கத்தில் மனைவி பூவாயி, அவர் பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர், புருஷன் மேடையில் உட்காருவதைக் காட்ட அழைத்து வந்தவர்கள். அண்ணன் மேடையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேடைக்குப் போய், "மன்னிச்சுக்கங்கய்யா, தவறு நடந்துபோச்சு, தலைமை இவர்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். பாடசாலையில் நாடகம் போட அனுமதி தந்தவர் கண்டாக்கையா. அவர் நினைத்தால் என்னை வேறு தோட்டத்துக்குத் தூக்கிப் போடலாம். அதெல்லாம் உண்மை. அதைவிட உண்மை, நான் கோழை. வாயைத் திறக்காமல் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

கண்டக்டரண்ணன்தான் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "குடுங்க மாஸ்டர்" என்று மாலையை வாங்கி, கண்டாக்கையாவின் கழுத்தில் போட்டார். பிறகு திரும்பி, பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்து, பஸ்ஸில் கத்துகிற அதே குரலில் கத்தினார். "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க! முன்னால எடம் இருக்கு! வாசல்ல நிக்காதீங்க, புள்ளைங்கள மடியில வச்சுக்கங்க!" அந்தக் குரலுக்குப் பழகிய கால்கள் யோசிக்குமா? கண்டாக்கையாவை மறந்து அத்தனை பேரும் முன்னுக்குப் போய் உட்கார்ந்தார்கள். யாரோ, "என்ன!" என்று கத்த, மண்டபமே கொல்லென்று சிரித்தது. கண்டாக்கையாவும் சிரித்தார். கூட்டம் அப்போதுதான் கூட்டமானது.

தலைமையுரையில் கண்டாக்கையா கலையைப் பற்றி இரண்டு வார்த்தையும், நாளைக்குப் பெரட்டுக்கு நேரத்துக்கு வருவதைப் பற்றி இருபது வார்த்தையும் பேசினார். கண்டக்டரண்ணன் கடைசிவரை வாசலில் நின்றே நாடகத்தைப் பார்த்தார். நாயகியாக வேஷம் கட்டிய டிஸ்பென்சரிக்காரர் மீசையை எடுக்க மறுத்து முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தார். அது நழுவியபோது எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டரண்ணன் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார். அது நாடகத்துக்காக என்று நம்பத்தான் எனக்கு ஆசை.

எல்லாம் முடிந்து அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "விடுங்க மாஸ்டர்" என்றார். "நோட்டீசுல என்ன போட்டீங்க? கண்டக்டர் தலைமைன்னு போட்டீங்க. கண்டக்டர்தான் தலைமை தாங்கினாரு. எங்க தப்பு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். "முடிவு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்தத் தாத்தா சொன்ன முடிவுதான் நல்லா இருந்துச்சு." பூவாயியக்கா நிற்காமல், வந்த பெண்களை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

இன்னொரு தரம் செய்வோம், சரியாகச் செய்வோம் என்று அவரிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் ஓட்டினேன். அடுத்த நாடகத்துக்குக் கண்டாக்கையாவே மேடைப் பலகை அனுப்பினார், அவரை விட்டு வேறு ஒருவரைத் தலைமைக்குப் போட முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் வாசகர் வட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பெரிய மனிதர் வந்தார். எப்போதும் ஒரு காரணம் இருந்தது. கண்டக்டரண்ணன் ஒரு நாளும் ஞாபகப்படுத்தவில்லை. எங்கள் நிகழ்ச்சிகளை முன்பைவிடப் பலமாகக் கத்தி ஆள் சேர்த்துத் தந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் லீவு எடுக்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் பியதாச, அதுவும் இப்போது, சாவு வீட்டில்.

தலவாக்கலையில் பஜாருக்குப் பின்னால் அவருடைய வீடு. புதன்கிழமை பகலில் எடுத்தார்கள். அந்தப் பாதையில் இருந்த எல்லாத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்திருந்தது. பஜார் காதர் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாசலில் நின்று ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பறை ஒருபுறம் முழங்கியது. பியதாச பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். நான் ஒரு மூலையில் நின்று, எனக்குத் தெரிந்த ஒரே வேலையை யோசித்தேன். கூட்டம் போடுவது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் நினைவுக் கூட்டம் வைப்போம் என்று பூவாயியக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் அழுது ஓய்ந்திருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நோட்டீசு அடிப்பீங்களா மாஸ்டர்?"

"அடிப்போம்க்கா."

"அப்ப பேரைப் போடுங்க. கண்டக்டர்னு மட்டும் போட்டுறாதீங்க."

ஆறு வருஷமாக அந்த அம்மாள் இதை மனதில் வைத்திருந்திருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் பஸ் படிக்கட்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "முழுப் பேரு என்னக்கா?"

"செல்லையா. அப்பா பேரு வீரமுத்து. வீ. செல்லையா."

எழுதிக்கொண்டேன்.  அக்காவுக்கு எழுத்து வாசனை கிடையாது, ஆனாலும் எட்டிப் பார்த்து, "சரியா எழுதிட்டீங்களா? வாசிங்க" என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அதையும் வாசித்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் பாடசாலையில் கூடுகிறோம். அவருடைய பஸ்ஸில் ஒரு முறையாவது ஏறியவர்கள் எல்லாரும் வாருங்கள். கண்டாக்கையாவிடம் நேற்று நேரில் போய், அன்றைக்கு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அப்ப அந்த மாலை எனக்கில்லையா?" என்று கேட்டார். பாவம், அந்த மனிதரும் உடைந்துதான் போனார். "நானும் வர்றேன் மாஸ்டர். கீழ உக்காந்துக்கிறேன்" என்றார். தலைமைக்கு ஒருவரையும் போடவில்லை. நாற்காலி மட்டும் இருக்கும்.

கண்டக்டரண்ணன் எனக்கென்று எதையும் விட்டுப் போகவில்லை. நானும் அவரிடம் எதையும் கேட்டு வாங்கியவன் அல்ல. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வீ. செல்லையா என்ற பெயர் ஒன்றுதான். அதுவும் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதல்ல. அவர் உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், அந்த மனிதர் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார் என்று தெரிந்துகொள்ள இனி எனக்கு வழியில்லை.